ஒழுகும் கூரையும் உதவும் அரசும்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கள் வாழ்விற்கு இன்றியமையாதன. இவற்றுள் உணவு அன்றாடம் தேடப்படுவது. உடை ஆண்டுதோறும் வாங்கப்படுவது. உறையுளோ பலருக்கு வாழ்நாளில் ஒரு முறையே கிட்டுவது. ‘வீட்டைக் கட்டிப் பார்’ என்று நம் முன்னோர் கூறியது அதன் அருமை கருதியேயாம். ஆயினும், வீட்டைக் கட்டுதல் ஒரு முறையில் முடியும் செயல். அதனைக் காத்தலோ முடிவில்லாத செயல். மழையும் வெயிலும் கறையானும் துருவும் ஓய்வு கொள்வதில்லை. செல்வர் வீட்டில் ஓடு ஒன்று உடைந்தால் மறுநாளே மாற்றப்படும். ஏழையின் வீட்டிலோ அவ்வோடு அடுத்த அறுவடை வரையில் காத்திருக்கும். அதற்குள் மழைநீர் உத்தரத்தில் இறங்கும். உத்தரம் உளுத்துப்போனால் சுவரும் சாயும். சிறு செலவிற்குப் பொருள் இல்லாமையால் பெருஞ் செலவு வந்து சேர்கின்றது. இதுவே வறுமையின் கணக்கு.

இக்கணக்கினை மாற்ற ஓர் அரசு எவ்வாறு முயன்றது என்பதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாறு நல்லதொரு சான்றாகும். செல்வம் கொழிக்கும் அந்நாட்டிலும் ஒழுகும் கூரைகள் உண்டோ என்று நீங்கள் வினவலாம். உண்டு. 1929-ஆம் ஆண்டில் தொடங்கிய பெரும் பொருளாதார வீழ்ச்சியால் அந்நாட்டு உழவர் பலர் நிலத்தையும் வீட்டையும் இழந்தனர். 1930-களின் நடுவில் பத்துப் பண்ணை வீடுகளுள் ஏறத்தாழ ஒன்றில்தான் மின்விளக்கு எரிந்தது. 1940-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் வீடுகளைக் கணக்கெடுத்தபொழுது, ஏறத்தாழப் பாதி வீடுகளில் குழாய் நீர், குளியல் வசதி, கழிப்பிடம் ஆகியவை முழுமையாக அமையவில்லை என்பது வெளிப்பட்டது. நகரத்தைவிடச் சிற்றூரிலேயே இக்குறை மிகுதியாக இருந்தது.

இந்நிலை கண்டு, 1949-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் குடியரசுத் தலைவர் ஹாரி ட்ரூமன் வீட்டுவசதிச் சட்டத்தில் கையொப்பமிட்டார். ஒவ்வொரு குடும்பத்திற்கும் தக்கதோர் இல்லம் வேண்டும் என்பதே அச்சட்டத்தின் குறிக்கோள். அதன் ஐந்தாம் பகுதி சிற்றூர்களுக்கென வகுக்கப்பட்டது. தொடக்கத்தில் பண்ணை நிலம் உடையவர்களுக்கே அதன் பயன் கிட்டியது. 1961-ஆம் ஆண்டுச் சட்டம், நிலமில்லாத பிற சிற்றூர் மக்களுக்கும் அதனை விரித்தது. இப்பணியை வேளாண்மைத் துறையைச் சார்ந்த ஓர் அமைப்பு ஏற்று நடத்தியது. 1994-ஆம் ஆண்டில் அத்துறை திருத்தியமைக்கப்பட்ட பின்னர், ஊரக வீட்டுவசதிக்கெனத் தனிப் பிரிவு ஒன்று அப்பொறுப்பைப் பெற்றது.

அச்சட்டத்தின் 502-ஆம் பிரிவு, குறைந்த வருவாயுடைய சிற்றூர்க் குடும்பங்கள் வீடு வாங்குவதற்கு அரசே நேராகக் கடன் தர வழிசெய்கின்றது. தவணைக் காலம் பெரும்பாலும் 33 ஆண்டுகள்; வருவாய் மிகக் குறைந்தோர்க்கு 38 ஆண்டுகள் வரையிலும் நீளும். குடும்பத்தின் வருவாய்க்கு ஏற்பத் தவணைத் தொகையும் குறைக்கப்படும்.

ஆனால், வாங்கிய புது வீட்டிலேயே குறை இருந்தால் என் செய்வது? அடித்தளம் அமிழ்ந்து சுவரில் வெடிப்புக் காணலாம். கழிவுநீர்த் தொட்டி நிரம்பி முற்றத்தில் வழியலாம். வாங்கியவரோ அன்றாடக் கூலிக்குச் செல்பவர். கட்டடம் கட்டியவர்மீது வழக்குத் தொடுக்க அவரிடம் பொருளில்லை. குறையுள்ள வீட்டிற்காக அவர் 33 ஆண்டுகள் கடன் செலுத்துவது முறையாகுமா? இவ்வினாவிற்கு விடையாக அமைந்தது 509-ஆம் பிரிவில் உள்ள ஒரு விதி. அரசின் கடனால் வாங்கப்பட்ட புது வீட்டில் கட்டுமானக் குறை காணப்பட்டால், உரியவர் முதலில் கட்டியவரிடம் முறையிடுதல் வேண்டும். அதனைச் சீர்செய்தல் கட்டியவரின் கடமை. அவர் மறுத்தாலும், தொழிலை மூடிவிட்டு மறைந்தாலும், அரசே பழுது நீக்கும் செலவை ஏற்கலாம். உரியவர் தம் கைப்பொருளால் முன்னரே செலவு செய்திருப்பின், அத்தொகையையும் ஈடு செய்யலாம். ஆயினும் கடனுதவி பெற்ற நாளிலிருந்து 18 திங்களுக்குள் விண்ணப்பம் அளிக்கப்படுதல் வேண்டும். கடன் கொடுப்பவர் தம் பணம் திரும்பினால் போதும் என்று இருந்துவிடலாகாது. அப்பணத்தால் பெற்ற பொருள் நற்பொருளா என்றும் நோக்குதல் வேண்டும் என்னும் அறம் இவ்விதியில் அடங்கியிருக்கின்றது.

இனிப் பழைய வீட்டின் நிலையைக் காண்போம். எழுபது வயது நிரம்பிய கைம்பெண் ஒருத்தி மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில் தனித்து வாழ்வதாக எண்ணிக்கொள்ளுங்கள். வீடு அவளுக்கே உரியது. கடனும் முன்னரே தீர்ந்துவிட்டது. ஆனால் கூரை ஒழுகுகின்றது; வாயிற்படியின் பலகை உளுத்துவிட்டது; பனிக்காலத்தில் அறையைச் சூடாக்கும் அடுப்பும் பழுதுற்றிருக்கின்றது. மாதந்தோறும் வரும் முதியோர் ஊதியம் உணவிற்கும் மருந்திற்கும் சரியாகிவிடுகின்றது. வங்கியோ அவளுக்குக் கடன் தர முன்வருவதில்லை. இத்தகையோர்க்காக ஏற்பட்டதே 504-ஆம் பிரிவு. தம் வட்டாரத்தின் இடைநிலை வருவாயில் பாதிக்கும் குறைவாகப் பெறுவோரும், சொந்த வீட்டிலேயே குடியிருப்போரும், வேறிடத்தில் தக்க கடன் பெற இயலாதோரும் இதற்கு உரியர். 2020-களின் விதிப்படி 40,000 டாலர் வரையில் கடன் கிட்டும். வட்டி நூற்றுக்கு ஒன்று. தவணை 20 ஆண்டுகள். 62 வயது நிறைந்தும் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதவர்களுக்கு 10,000 டாலர் வரையில் உதவித்தொகையே வழங்கப்படும். உடல்நலத்திற்கும் உயிருக்கும் கேடு தரும் குறைகளை நீக்குவதற்கே அத்தொகையைப் பயன்படுத்தலாம். அழகு செய்வதற்கு அன்று. மூன்றாண்டுகளுக்குள் வீட்டை விற்றால் அதனைத் திருப்பித் தருதல் வேண்டும்.

நூற்றுக்கு ஒன்று என்னும் வட்டியின் பயனைக் கணக்கிட்டுப் பார்த்தால் அதன் பெருமை விளங்கும். 40,000 டாலர் கடனை இவ்வட்டியில் 20 ஆண்டுகளில் தீர்க்க மாதம் ஏறத்தாழ 184 டாலர் போதும். நூற்றுக்கு ஏழு வட்டியாயின் மாதம் 310 டாலர் வேண்டும். முழுத் தவணையும் முடியும்பொழுது இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 30,000 டாலர். வட்டியைக் குறைப்பதே ஏழைக்கு ஒரு பெருங்கொடையாவதை இதனால் அறியலாம்.

இத்துணை நல்ல சட்டமும் எல்லாரையும் சென்று சேர்ந்துவிடவில்லை. ஆண்டுதோறும் நாடாளுமன்றம் ஒதுக்கும் தொகைக்கு ஏற்பவே உதவி அமையும். தேவையோ அதனினும் பெரிது. இதனினும் கொடிய தடை ஒன்றும் உண்டு. அந்நாட்டின் தென்பகுதியில், அடிமைத்தளையினின்று விடுபட்ட கறுப்பின மக்கள் அரும்பாடுபட்டு நிலம் வாங்கினர். அவர்களுள் பலர் உயில் எழுதாமலே இறந்தனர். எனவே தலைமுறைதோறும் உரிமை பிரிந்து பிரிந்து, ஒரு சிறு வீட்டிற்குப் பலர் கூட்டுரிமை உடையவராயினர். அவ்வீட்டில் பிறந்து வளர்ந்து, வரியும் செலுத்தி வருபவர்கூடத் தமக்கே உரியது என்று காட்டப் பத்திரம் இன்றித் தவித்தனர். 2005-ஆம் ஆண்டில் கத்ரீனா என்னும் பெரும்புயல் வீசியபொழுது, இக்காரணத்தால் உதவி பெற இயலாமல் திரும்பியவர் பலர். கூட்டுரிமையாளர் ஒருவரின் பங்கை வாங்கிய அயலார், முழு நிலத்தையும் ஏலத்திற்குக் கொண்டுவந்த கொடுமைகளும் நிகழ்ந்தன. இதனைத் தடுக்க 2010-ஆம் ஆண்டில் மாதிரிச் சட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. மாநிலங்கள் பல அதனை ஏற்றுக்கொண்டுள்ளன.

மாணவர்களே! இவ்வரலாற்றிலிருந்து நாம் அறியத்தக்கவை சில. வீடு வாங்கித் தருவதோடு உதவி நிறைவு பெறுவதில்லை. அதனைக் காக்கவும் துணை நிற்றல் வேண்டும். காலத்தில் செய்யும் சிற்றுதவி, பின்னர் வரும் பேரழிவைத் தடுக்கும். உதவி இருக்கின்றது என்பதோடு, அதனைப் பெறும் வழியையும் மக்கள் அறிந்திருத்தல் வேண்டும். 18 திங்கள் என்னும் எல்லையை அறியாதவனுக்கு 509-ஆம் பிரிவு இருந்தும் இல்லாததே. பத்திரத்தைப் பேணாதவனுக்கு 504-ஆம் பிரிவும் அத்தகையதே. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர், தெரியாத அண்டை வீட்டாருக்கு ஒரு விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தாலும், கூரையில் ஓர் ஓட்டை அடைத்தவரே ஆவார். கல்வியின் பயன்களுள் இதுவும் ஒன்று.