இனிப்புநீரும் ஆண்களின் இயக்குநீரும்



நாம் பேச்சுவழக்கில் 'இனிப்புநீர்' என்று சொல்லும் நீரிழிவு, கண்ணையும் சிறுநீரகத்தையும் கால்களையும் கெடுக்கும் என்பது வீட்டுக்கு வீடு தெரிந்த செய்தி. மலேசியாவில் 2019ஆம் ஆண்டு நடத்தப்பட்ட தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு! ஆயினும் இந்நோய்க்கும் ஆண்களுக்குரிய இயக்குநீருக்கும் (ஹார்மோன்) உள்ள தொடர்பைப் பலர் அறிவதில்லை. அறிந்தவர்களும் கூச்சத்தால் வாய் திறப்பதில்லை.

இயக்குநீரின் பணி என்ன?

டெஸ்டோஸ்டிரோன் எனும் இயக்குநீர், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் கட்டளைப்படி விந்தகங்களில் சுரக்கிறது. தாம்பத்திய நாட்டம் மட்டுமன்று. தசை வலிமை, எலும்பின் உறுதி, இரத்தச் சிவப்பணுக்கள், மன உற்சாகம் ஆகியவையும் இதனைச் சார்ந்தவை.

இரண்டிற்கும் என்ன தொடர்பு?

வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. அதே கொழுப்பு, டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதியைப் பெண்மை இயக்குநீராகவும் மாற்றிவிடுகிறது. பிட்யூட்டரியின் கட்டளையும் தளர்கிறது. டெஸ்டோஸ்டிரோன் குறைந்தால் தசை கரைந்து கொழுப்பு கூடும். உணவுக்குப்பின் இரத்தச் சர்க்கரையைப் பெருமளவு ஏற்றுக்கொள்வது தசையே. அது கரைந்தால் சர்க்கரை மேலும் ஏறும். இவ்வாறு ஒன்றையொன்று கீழே இழுக்கின்றன. இரண்டாம் வகை நீரிழிவுள்ள ஆண்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இக்குறைபாடு உண்டு என ஆய்வுகள் காட்டுகின்றன.

அறிகுறிகள்

ஓயாத சோர்வு, எரிச்சல், தசைத் தளர்ச்சி, நாட்டக் குறைவு ஆகியன. இவற்றை 'வயதாகிவிட்டது' என்று கணவர் ஒதுக்குகிறார். 'என்மீது அன்பில்லை' என்று மனைவி வருந்துகிறார். உண்மையில் அது நோயின் வேலையாக இருக்கலாம். தாம்பத்திய உறவில் ஏற்படும் இயலாமை, இதய இரத்தக் குழாய்கள் சுருங்குவதற்கான முன்னறிவிப்பாகவும் அமையலாம். ஆகவே மறைப்பது ஆபத்து.

பரிசோதனையும் சிகிச்சையும்

இயக்குநீரின் அளவு காலையில் உச்சத்தில் இருக்கும். இனிப்பு உண்டால் சற்று இறங்கும். எனவே காலையில், வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டும். குறைவாக இருந்தால் வேறொரு நாள் மீண்டும் சோதித்து உறுதி செய்வர்.

ஊசி போட்டால் தீருமா? நீரிழிவின் விளிம்பில் இருந்த அல்லது புதிதாக நீரிழிவு கண்ட, பருத்த உடலுடைய 1,007 ஆண்களிடம் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வின் முடிவு 2021இல் வெளிவந்தது. எல்லாருக்கும் உணவு, உடற்பயிற்சித் திட்டம் தரப்பட்டது. ஈராண்டுக்குப்பின், டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டவர்களில் 12 விழுக்காட்டினருக்கும் வெற்று ஊசி போட்டவர்களில் 21 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு இருந்தது. ஆனால் மருந்தூசி போட்டவர்களில் ஐவரில் ஒருவருக்கு மேல் இரத்தம் அளவுக்கு மீறித் தடித்தது. வெற்று ஊசி போட்டவர்களிலும் ஐவரில் நால்வர் அளவினர் நீரிழிவின்றி இருந்ததைக் கவனியுங்கள்! மேலும், இவ்வூசி விந்தணு உற்பத்தியைக் குறைக்கும். குழந்தைப்பேறு வேண்டும் இளைஞர்கள் இதனை நாடக்கூடாது.

'ஆண்மைக் காப்பி' என விற்கப்படும் பொட்டலங்களையும் நம்பாதீர்கள். அவற்றுள் சிலவற்றில் மருந்து இரகசியமாகக் கலக்கப்பட்டிருப்பதைச் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டறிந்து எச்சரித்துள்ளது. நைட்ரேட் வகை இதய மாத்திரை உண்போருக்கு அது உயிருக்கே உலை வைக்கும்.

செய்ய வேண்டியவை

1. இடுப்புச் சுற்றளவை 90 சென்டிமீட்டருக்குள் வைத்திருங்கள்.
2. வாரத்தில் 150 நிமிடம் விரைந்து நடங்கள். தசைக்கும் பயிற்சி கொடுங்கள்.
3. கெட்டிப்பால் கலந்த தேநீரையும் சோற்றின் அளவையும் குறையுங்கள்.
4. நன்கு உறங்குங்கள். பலத்த குறட்டை இருந்தால் மருத்துவரிடம் கூறுங்கள்.

அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது, சர்க்கரை அளவோடு உங்கள் சோர்வையும் சொல்லுங்கள். தயங்கினால் இல்லத்தரசியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நலம் பெறுவது உங்கள் குடும்பம் முழுவதும்.