பாடசாலையில் பிள்ளையின் பாதுகாப்பு: பெற்றோர் அறிந்திருக்க வேண்டியவை

ஊருக்குத் திரும்பிய பல குடும்பங்கள் கூரை போட்டு முடிப்பதற்கு முன்பே பிள்ளைகளைப் பாடசாலையில் சேர்த்துவிட்டன. அது நல்ல முடிவு. ஆசிரியர்களில் பெரும்பாலானோர் தமது கஷ்டங்களுக்கு நடுவிலும் தூர இடங்களிலிருந்து பஸ்ஸில் வந்து படிப்பிக்கிறார்கள். ஆனாலும் ஆசிரியர், அதிபர், விளையாட்டுப் பயிற்றுநர், காவலாளி, பிள்ளைகளை ஏற்றியிறக்கும் முச்சக்கரவண்டிச் சாரதி என்று பிள்ளையின் மேல் அதிகாரமோ செல்வாக்கோ உள்ள ஒருவர் அதைத் தவறாகப் பயன்படுத்தக்கூடும். பெண்பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, ஆண்பிள்ளைகளுக்கும் இது நடக்கிறது.

இப்படிப்பட்டவர் பெரும்பாலும் பிள்ளைக்குத் தெரிந்தவராகவும், ஊரில் நல்ல பெயர் எடுத்தவராகவும் இருப்பார். முதலில் கொப்பி, பேனை, இனிப்பு வாங்கிக் கொடுப்பார். காசில்லாமல் தனியாக ரியூசன் தருவதாகச் சொல்லுவார். பிறகு, "இது எங்கள் இரண்டு பேருக்குள்ளும் இருக்கட்டும்" என்பார். தகப்பனை இழந்த பிள்ளை, தாய் விடியவே கூலி வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளை, உறவினரோடு தங்கியிருக்கும் பிள்ளை ஆகியோரையே அவர் கூடுதலாகத் தேடுவார். உதவி செய்யும் எல்லோரையும் சந்தேகிக்கத் தேவையில்லை. ஆனால் பெற்றோருக்கு மறைக்கச் சொல்லித் தரப்படும் உதவியை ஏற்க வேண்டாம். தனி வகுப்பென்றால் வேறு பிள்ளைகளும் இருக்கும் இடத்தில், கதவு திறந்தபடி நடக்கட்டும்.

பிள்ளைகள் நடந்ததை நேராகச் சொல்வது குறைவு. "எனக்கு அந்தச் சேரைப் பிடிக்கேல்லை", "நாளைக்குப் பள்ளிக்கூடம் போகமாட்டன்" என்பதோடு நிறுத்திவிடுவார்கள். அடிக்கடி வயிற்றுவலி, படுக்கையில் சிறுநீர் கழித்தல், ஒரு குறிப்பிட்ட பாட நாளில் மட்டும் அழுகை ஆகியவற்றைக் கவனியுங்கள். போரைப் பார்த்த பிள்ளைகளிடம் இவை வேறு காரணங்களாலும் வரும். அதனால் "எல்லாம் சண்டையால் வந்த பயம்" என்று நாங்கள் இலகுவாகத் தள்ளிவிடுகிறோம். ஒருமுறை பக்கத்தில் இருத்தி ஆறுதலாகக் கேளுங்கள்.

பிள்ளை சொன்னால் நம்புங்கள். "நீ ஏன் அங்கே போனனீ?" என்று கேட்க வேண்டாம். "சொன்னது நல்லது, உன்னில் பிழையில்லை" என்று சொல்லுங்கள். திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பதும், அயலவரைக் கூப்பிட்டு அவர்கள் முன் கேட்பதும் பிள்ளையை இன்னும் புண்படுத்தும். அந்த ஆளிடம் நீங்களே போய்ச் சண்டை பிடித்தால் அவர் சாட்சிகளை மிரட்டவும் தடயங்களை மறைக்கவும் நேரம் கிடைத்துவிடும்.

நடந்து சில நாட்களுக்குள் என்றால் உடுப்பைக் கழுவாமல் கடதாசிப் பையில் போட்டு, பிள்ளையை உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். சில நோய்களைத் தடுக்கும் மருந்தை முதல் மூன்று நாட்களுக்குள் தொடங்க வேண்டும். நாள் கடந்திருந்தாலும் போகத்தான் வேண்டும். சட்ட வைத்திய அதிகாரி பிள்ளையைப் பரிசோதித்து அறிக்கை தருவார்.

முறைப்பாட்டைப் பொலிஸ் நிலையத்தின் சிறுவர், பெண்கள் பிரிவில் செய்யலாம். பொலிஸுக்குப் போகப் பயமாக இருந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம். பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையோ நன்னடத்தை உத்தியோகத்தரையோ துணைக்குக் கூட்டிப் போகலாம். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதி வையுங்கள். இடம்பெயர்வில் பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம், பிரதியைப் பின்னர் எடுக்கலாம்.

இனி, பல முறைப்பாடுகள் நின்றுபோகும் இடத்துக்கு வருவோம். "எங்கள் ஊருக்கு இருப்பதே ஒரு கணித ஆசிரியர். அவர் போனால் பிள்ளைகளின் படிப்பு என்னாவது?" என்று ஊர்ப் பெரியவர்கள் வந்து கதைப்பார்கள். "பெண்பிள்ளை, நாளைக்குக் கலியாணம் பேச வேண்டும்" என்பார்கள். காசு தந்து சமரசம் செய்யவும் பார்ப்பார்கள். அவர்கள் கெட்டவர்கள் என்றில்லை. அழிந்து கிடந்த பாடசாலை திரும்ப மூடப்படுமோ என்பது உண்மையான பயம். ஆனால் வெற்றிடத்துக்கு ஆசிரியரைக் கேட்க வலயக் கல்விப் பணிமனை இருக்கிறது. அதை ஒரு பிள்ளையின் உடம்பைக் கொண்டு ஈடுசெய்ய முடியாது. வேறு பாடசாலைக்கு மாற்றிவிடுவதும் தீர்வல்ல, அங்கேயும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இது சமரசம் பேசும் விடயமல்ல என்பதைச் சட்டமும் சொல்கிறது. 1995ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தத்தின் பின், 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் "சம்மதத்தோடுதான் நடந்தது" என்று ஆசிரியரோ வேறெவரோ தப்ப முடியாது. பிள்ளையின் வாக்குமூலத்தை ஒளிப்பதிவு செய்து நீதிமன்றத்தில் சாட்சியமாகப் பயன்படுத்த 1999ஆம் ஆண்டிலிருந்து சட்டத்தில் இடமுண்டு. வாக்குமூலம் எடுக்கும்போது இதைப் பற்றிக் கேளுங்கள். வழக்குச் செலவு பற்றி யோசித்தால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

வழக்கு நீண்ட காலம் இழுபடலாம். அதுவரை பிள்ளை வீட்டிலேயே இருக்கத் தேவையில்லை. வகுப்புத் தோழியோ பெரியம்மாவோ துணைக்குப் போக, பிள்ளை நம்பும் ஓர் ஆசிரியைக்கு மட்டும் விடயத்தைச் சொல்லி வைத்து, பாடசாலைக்குத் தொடர்ந்து அனுப்புங்கள்.