கலியாண வீட்டுக் கொப்பிக்கு ஒரு ராஸ்ப்பெரி பை

கரவெட்டி வீட்டு அலுமாரிகளில் கலியாண வீட்டு, சாமத்திய வீட்டு டிவிடி கொப்பிகள் அடுக்கடுக்காய்க் கிடக்கும். போட்டுப் பார்க்கப் பிளேயர்தான் இராது. கணினியில் ஏற்றி ஒரு ஹார்ட் டிஸ்கில் சேர்த்துவிட்டால், ராஸ்ப்பெரி பை 4 என்ற குட்டிக் கணினி ஒன்று அவற்றை ரீவியில் காட்டிவிடும். 2 ஜிபி நினைவகம் உள்ளது தாராளம். இயங்குதளம் எது என்பதில்தான் யோசனை. லிப்ரெஎலெக், ஓஎஸ்எம்சி இரண்டையும் போட்டுப் பாருங்கள். இரண்டிலும் ஓடுவது கோடி என்ற அதே மென்பொருள், அடித்தளம்தான் வேறு.

முதலில் மின்சாரம். 5 வோல்ட், 3 அம்பியர் தரும் சார்ஜர் வேண்டும். பழைய போன் சார்ஜரில் சமாளிக்கப் பார்த்தால் திரையின் மூலையில் மின்னல் குறி வரும். அப்போது படம் திக்கினால் இயங்குதளத்தின் மேல் பழி போடாதீர்கள். பையின் யுஎஸ்பி வாய்கள் நான்கும் சேர்ந்தே 1.2 அம்பியர்தான் தரும். ஆகவே ஹார்ட் டிஸ்கைத் தனி மின்சாரம் உள்ள ஹப்பில் கொழுவுங்கள்.

ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் ஒரு மெமரி காட், 16 ஜிபி. ஒரே காட்டில் அழித்தழித்து எழுதினால் ஒப்பிட முடியாது. மடிக்கணினியில் ராஸ்ப்பெரி பை இமேஜர் என்ற மென்பொருளைத் திறந்து, பை 4 ஐத் தெரிவுசெய்து, மீடியா பிளேயர் பிரிவிலிருந்து இயங்குதளத்தை எழுதுங்கள். காட்டைச் செருகி, மின்வாய்க்குப் பக்கத்துத் துளையில் எச்டிஎம்ஐ வயரை மாட்டி, கடைசியாகக் கரண்ட் கொடுங்கள்.

சோதிக்கப் புதுப்படம் வேண்டாம். அது எதிலும் ஓடும். கலியாணக் கொப்பிதான் சரியான சோதனை. பழைய கமெரா ஒரு படத்தை ஒற்றை வரி, இரட்டை வரி என இரண்டாகப் பிரித்துப் பதிந்திருக்கும். மாப்பிள்ளை பொம்பிளை மணவறையைச் சுற்றும்போது சேலைக் கரையில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரிகின்றனவா பாருங்கள். தெரிந்தால், படம் ஓடும்போதே வீடியோ அமைப்பில் டீஇன்டர்லேஸ் முறையை மாற்றி மாற்றிப் பாருங்கள். ஏதாவதொன்றில் கோடு மறையும். அடுத்து, கனடாவிலிருந்து வந்த ஐபோன் வீடியோ. அது பெரும்பாலும் எச்இவிசி என்ற சுருக்க வகை. பை 4 இல் அதற்கென்றே வன்பொருள் உண்டு. பை 3 இல் இல்லை.

ரீவி ரிமோட்டாலேயே கோடியை இயக்கலாம். ரீவியின் மெனுவில் சிஇசி வசதியைத் திறந்துவிடுங்கள்: சாம்சங்கில் எனிநெட்+, எல்ஜியில் சிம்பிளிங்க், சோனியில் பிராவியா சிங்க். அம்மம்மா கீபோர்ட்டைத் தேடப் போவதில்லை.

தோண்டிப் பார்க்கும் ஆசையுள்ள பெடியன் வீட்டில் இருந்தால் ஓஎஸ்எம்சி. டெபியன் மேல் அமைந்தது, வேறு மென்பொருளும் ஏற்றலாம். சும்மா ரீவி பார்க்க லிப்ரெஎலெக்தான். அதன் இயங்குதளம் வாசிக்க மட்டுமான கோப்பாக இருப்பதால், கரண்ட் சட்டென்று நின்றாலும் லேசில் பழுதாகாது. உங்கள் அமைப்புகள் உள்ள பகுதிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. எல்லாம் சரிவந்ததும் லிப்ரெஎலெக் அமைப்புக்குள் போய் ஒரு பேக்கப் எடுத்து ஹார்ட் டிஸ்கில் வையுங்கள்.