ஏர் சஸ்பென்ஷன் காரைத் தாழ்த்த எந்த வழி?

பத்துப் பதினைந்து வருடம் ஓடிய மெர்சிடிஸ் எஸ் கிளாஸோ ஆடி ஏ8-ஓ இன்று ஒரு சாதாரணப் புதுக் காரின் விலைக்கே கிடைத்துவிடுகிறது. வாங்குகிற இளைஞர்களில் பலருக்கு முதல் வேலை அதைத் தாழ்த்துவதுதான். மட்கார்டு விளிம்பு டயரைத் தொடுகிற மாதிரி உட்கார்ந்திருக்கும் வண்டியை ஏதோ படத்தில் பார்த்திருப்பார்கள்; தன் வண்டியும் அப்படியே நிற்க வேண்டும். வீட்டிலோ, "வாங்கின காசு போதாதா, அதுக்கு மேல வேற செலவா?" என்ற பேச்சு. ஆசை ஒரு பக்கமும் வீட்டு நெருக்கடி ஒரு பக்கமும் இழுக்க, கடைசியில் எது மலிவோ அது வண்டிக்கு அடியில் ஏறிவிடுகிறது. தாழ்த்துவதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. ஏர் சஸ்பென்ஷன் வண்டியின் அருமையே அது இறங்கவும் ஏறவும் தெரிந்த வண்டி என்பதில் இருக்கிறது. எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், அதற்கப்புறம் வண்டியால் பழையபடி ஏற முடியுமா என்பதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வழிகள் நாலும் எல்லாருக்கும் தெரிந்தவையே. ஸ்கேனரை மாட்டி, கண்ட்ரோல் யூனிட்டில் பதிந்திருக்கும் உயர அளவை மாற்றலாம். சென்சாருக்கும் கண்ட்ரோல் யூனிட்டுக்கும் நடுவே சின்ன எலக்ட்ரானிக் மாட்யூல் ஒன்றை வைத்து, போனிலிருந்தே ஏற்றி இறக்கலாம். உயர சென்சாரைப் பிடித்திருக்கும் லிங்க் ராடைக் கழற்றிவிட்டு வேறு நீளத்தில் ஒன்றைப் போடலாம். காற்றே வேண்டாம் என்று எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, இரும்புச் சுருள் ஸ்பிரிங் உள்ள காயிலோவருக்கு மாறலாம். கடைசி வழி, வண்டியைத் தாங்கும் காற்றுப் பைகள் எல்லாம் கசிந்து, மாற்றக் காசும் இல்லாதவருக்குத்தான் பொருந்தும். உயரம் ஒரே இடத்தில் நின்றுவிடும். டிக்கியில் சுமை ஏறினால் பின்பக்கம் தொங்கும். டாஷ்போர்டில் எரியும் எச்சரிக்கை விளக்கை அணைக்கத் தனியாக ஒரு ஏற்பாடு செய்ய வேண்டும். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

நான் நிறுத்திப் பேச விரும்புவது லிங்க் ராடைப் பற்றி. இன்று அதிகம் விற்பதும் அதுதான், அதிகம் கெடுப்பதும் அதுதான் என்பது என் முடிவு. அது செய்கிற வேலையைப் பார்ப்போம். சக்கரத்தைப் பிடித்திருக்கும் கண்ட்ரோல் ஆர்மில் ஒரு சின்ன ராடு, அதன் மறுமுனையில் விரல் நீளக் கைப்பிடியுடன் சென்சார். சக்கரம் மேலே கீழே போகும்போது கைப்பிடி திரும்பும். அந்தக் கோணத்தைப் பார்த்து வண்டி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று கண்ட்ரோல் யூனிட் கணக்கிடும். தாழ்த்துவதற்கென்று ராடின் நீளத்தை மாற்றினால், வண்டி தூக்கி நிற்பதாகக் கண்ட்ரோல் யூனிட் நம்பி, பையிலிருந்து காற்றைத் திறந்துவிடும். ராடு மாட்டியிருக்கும் இடம் சக்கரத்தை விட ஆர்மின் உள்முனைக்குப் பக்கத்தில் இருப்பதால், அங்கே சில மில்லிமீட்டர் வித்தியாசம் சக்கரத்தில் அதைப் போலச் சில மடங்காகத் தெரியும். கையால் திருகி நீளம் வைக்கிற ராடில், முன்பக்க இடதுக்கும் வலதுக்கும் ஒரு மரை வித்தியாசம் வந்தாலே வண்டி ஒருக்களித்து நிற்பது இதனால்தான். 1998-ல் வந்த எஸ் கிளாஸின் ஏர் சஸ்பென்ஷனான ஏர்மேட்டிக்கில் முன்னால் இரண்டு சென்சார், பின்னால் ஒன்று. பின்பக்கம் மொத்தமும் அந்த ஒரே ராடை நம்பித்தான் நிற்கிறது.

இப்போது நம் ரோட்டுக்கு வருவோம். வேகத்தடை எப்படி இருக்க வேண்டும் என்று இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1988-ல் சொன்ன அளவு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். 2005-ல் வந்த நீள எஸ் கிளாஸின் முன் பின் சக்கரங்களுக்கு நடுவே சுமார் 3.17 மீட்டர். மேட்டின் உச்சி வண்டியின் நடுவயிற்றுக்குக் கீழே வரும்போது, நாலு சக்கரமும் மேட்டின் ஓரச் சரிவில் மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கும். ஆக, வயிற்றுக்கு அடியிலுள்ள இடைவெளியில் ஏழு சென்டிமீட்டருக்கு மேல் மேடே தின்றுவிடுகிறது. 13 சென்டிமீட்டர் இடைவெளி உள்ள வண்டி என்று வைத்துக்கொள்வோம், தாராளமாகத் தாண்டும். ராடு போட்டு நாலு சென்டிமீட்டர் இறக்கிவிட்டால் இரண்டு சென்டிமீட்டர்கூட மிச்சமில்லை. இதுவும் அளவெடுத்துக் கட்டிய மேட்டுக்குத்தான். தெருமுனையில் ஒரு சட்டி தாரைக் கொட்டி எழுப்பிய குட்டை மேடு, அதே 10 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், சக்கரங்கள் தரையில் இருக்க உச்சி மட்டும் வயிற்றைக் குத்தும். கம்பெனி உயரத்தில் மூன்று சென்டிமீட்டர் இடைவெளியோடு போகிற வண்டி, தாழ்த்திய பிறகு உரசித்தான் போகும்.

தூக்குகிற பட்டன் இருக்கிறதே என்பார்கள். அது இரண்டு மூன்று சென்டிமீட்டர் தூக்கும். நீங்கள் இறக்கியது நாலு. பட்டனை அழுத்திய பிறகும் வண்டி பழைய சாதாரண உயரத்துக்கு வராது. வேகமாகப் போகும்போது கம்பெனியே கொஞ்சம் இறக்கத்தானே செய்கிறது என்பது இன்னொரு வாதம். உண்மைதான், ஆனால் நெடுஞ்சாலையில் மட்டும், சிறிதளவு. வேகம் குறைந்ததும் திரும்ப ஏறிவிடும். ராடு அந்தத் தாழ்வை நாள் முழுக்க வைத்திருக்கிறது. தாழ்ந்த பையில் காற்றின் இடம் சுருங்குகிறது, அதனால் அது விறைப்பாகிறது. சஸ்பென்ஷன் அடிவரை அமுங்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப்பும் பக்கத்தில் வந்துவிடுகிறது. எந்த மெத்தென்ற ஓட்டத்துக்காக இந்த வண்டியை வாங்கினோமோ, அதுவே போய்விடுகிறது. பையின் ரப்பர் பிஸ்டன் மேல் சுருண்டு நிற்கிற மடிப்பும் இடம் மாறுகிறது. பத்து வருட ரப்பரில் புது இடத்தில் மடிப்பு விழுந்தால் அங்கேதான் வெடிப்பு விடும், அங்கேதான் கசியும். கசிவை ஈடுகட்ட ஓடியே கம்ப்ரஸர் சாகும்.

"பிடிக்கவில்லை என்றால் ராடைக் கழற்றிவிடலாம், நஷ்டம் என்ன?" என்று கேட்பார்கள். ராடு கழலும், டயர் திரும்பி வராது. தாழ்ந்த வண்டியில் பின்சக்கரத்தின் மேல்முனை உள்பக்கம் சாய்கிறது. வெளிப்பக்கப் பூ புதுசு போல இருக்க, உள்விளிம்பில் மட்டும் கம்பி தெரிகிற அளவுக்குத் தேய்ந்த டயரைப் பஞ்சர் கடைகளில் பார்க்கலாம். நின்று பார்க்கிறவர் கண்ணுக்கு அது படாது. அலைன்மென்ட் செய்தால் டோ, அதாவது சக்கரம் உள்ளே வெளியே திரும்பியிருக்கும் கோணம், சரியாகும். கேம்பர் என்கிற அந்தச் சாய்வை முழுதாகச் சரிசெய்யப் பெரும்பாலும் தனி ஆர்ம் வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் சேர்த்தால் ராடு மலிவு என்ற பேச்சே நிற்காது. முன்பக்கம் மட்டும் அதிகம் இறக்கினால், அதே சென்சாரை நம்பியிருக்கும் மாடல்களில் முகப்பு விளக்கின் கோணமும் தப்பிவிடும்.

ஆகவே என் தேர்வு இது. எப்போதும் கொஞ்சம் தாழ்ந்திருந்தால் போதும் என்பவர் ஸ்கேனர் வழியில் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டரோடு நிறுத்திக்கொள்ளட்டும். இதுவும் கணக்கை நகர்த்துவதுதான் என்றாலும், மில்லிமீட்டர் சுத்தமாக வைக்கலாம், அதே ஸ்கேனரால் திருப்பியும் வைக்கலாம். நிறுத்தும்போது தாழ்ந்து நிற்க வேண்டும் என்பவருக்கு மாட்யூல். தெருவுக்குள் நுழையும்போது போனைத் தொட்டால் கம்பெனி உயரம் வந்துவிடும். ஜெர்மனியில் எல்லாரும் இறக்குகிறார்களே என்பவர்களுக்கு ஒன்று: அங்கே இப்படி மாற்றிய வண்டியைப் பரிசோதகர் பார்த்து, வண்டியின் ஆவணத்தில் ஏற்ற வேண்டும். இங்கே மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இருக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் சர்வேயர் கேட்கும் கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டியவர் நீங்கள்தான், ராடு விற்றவர் அல்ல.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வாரம் பொறுங்கள். சமதரையில் நிறுத்தி, ராத்திரி ஒரு தடவை, காலையில் என்ஜினை ஸ்டார்ட் செய்யும் முன் ஒரு தடவை, சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இன்ச் டேப்பால் நாலு பக்கமும் அளந்து நோட்டில் எழுதுங்கள். ஒரு மூலை மட்டும் ராத்திரியில் விரல் அகலம் இறங்கியிருந்தால், அங்கே கசிவு இருக்கிறது. அதைச் சரிசெய்யும் வரை தாழ்த்தும் பேச்சே வேண்டாம். எல்லாம் நின்றபடி நின்றால், கம்பெனி அளவு நாலையும் தனித்தாளில் எழுதி ஆர்சி புத்தகத்துக்குள் வையுங்கள். பிறகு ஒருநாள் வண்டியைப் பழையபடி ஏற்ற வேண்டியவர் நீங்களானாலும் சரி, உங்களிடம் வாங்குகிறவரானாலும் சரி, அந்தத் தாளைத்தான் முதலில் தேடுவார்.