சிலிண்டர் செலவைக் குறைப்போம்: முதலில் சிக்கனம், பிறகு சாண எரிவாயு



நம் நாட்டுக்குத் தேவையான சமையல் கேஸில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிறது. கச்சா எண்ணெயோ, 100 லிட்டருக்கு 85 லிட்டருக்கு மேல் இறக்குமதிதான். எங்கேயோ சண்டை வந்தாலும், டாலர் விலை ஏறினாலும் அந்தச் சுமை நம்ம அடுப்பு வரைக்கும் வந்து சேருது. அதை நிறுத்த நம்மால் முடியாது. ஆனால் ஒரு சிலிண்டர் எத்தனை நாள் வரணும் என்பது ஓரளவு நம்ம கையில்தான் இருக்கு. எப்படி என்று பார்ப்போமா?

காசில்லாத சிக்கனம்

• காய் நறுக்கி, மசாலா அரைத்து, எல்லாம் தயாரான பிறகு அடுப்பைப் பற்ற வையுங்கள்.

• பருப்பு, கடலை, பயறு வகைகளை ஊற வைத்து வேக வையுங்கள். குக்கர் இருந்தால் அதிலேயே வையுங்கள்.

• பாத்திரத்தை மூடுங்கள். கொதி வந்ததும் தீயைக் குறையுங்கள். கொதிக்கிற தண்ணீர் பெரிய தீ வைத்தாலும் அதற்கு மேல் சூடாகாது. ஆவிதான் போகும்.

• தீ நீலமாக எரியணும். மஞ்சளாக எரிந்தால் பர்னர் அடைத்திருக்கு. கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

• சோறு பத்து நிமிஷம் நன்றாகக் கொதித்ததும், மூடியோடு இறக்கி, வைக்கோல் திணித்த கூடையில் வைத்துச் சாக்கால் இறுக மூடுங்கள். ஒரு மணி நேரத்தில் அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும்.

சாண எரிவாயு: கணக்கைப் பாருங்கள்

சாணத்தையும் தண்ணீரையும் சம அளவு கரைத்து, காற்று புகாத கலனில் ஊற்றினால், கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதை மட்க வைத்து மீத்தேன் வாயுவை உண்டாக்கும். இதைத்தான் கோபர் கேஸ் என்கிறோம்.

1 கன மீட்டர் கலனுக்குத் தினமும் 25 கிலோ சாணம் வேணும். அதில் வரும் வாயு 400 கிராம் சிலிண்டர் கேஸுக்குச் சற்று மேல் சமம். ஒரு அடுப்பு சுமார் 2 மணி நேரம் எரியும். மாதத்துக்குக் கணக்குப் போட்டால் 12, 13 கிலோ. வீட்டுச் சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ. அதாவது, ஏறக்குறைய ஒரு சிலிண்டர் மிச்சம்!

வரட்டி தட்டி எரித்தால் சாணமும் போச்சு, எருவும் போச்சு, புகைதான் மிச்சம். கலனில் போட்டால் வாயுவும் கிடைக்கும். வெளியே வரும் கழிவு வயலுக்கு நல்ல எருவாகவும் ஆகும்.

கலனில் இரண்டு வகை உண்டு. மிதக்கும் இரும்பு டிரம் வைத்தது ஒன்று. டிரம் துருப்பிடிக்காமல் இருக்க அவ்வப்போது பெயிண்ட் அடிக்கணும். இன்னொன்று 1984-இல் வந்த தீனபந்து மாடல். செங்கல்லால் கட்டி மண்ணுக்குள் இருக்கும். துருப்பிடிக்காது. ஆனால் பயிற்சி பெற்ற கொத்தனார்தான் கட்டணும். விரிசல் விட்டால் வாயு நிற்காது.

கடன் வாங்குமுன் மாட்டை எண்ணுங்கள்

ஒரு மாடு நாளைக்குச் சுமார் 10 கிலோ சாணம் போடும். மேய்ச்சலுக்குப் போகிற மாடு என்றால் ராத்திரிச் சாணம்தான் கைக்கு வரும். எனவே கட்டுத்தறியில் 2, 3 மாடாவது வேணும். முதல் முறை நிரப்ப ஏறக்குறைய 1 டன் சாணம் சேர்க்கணும். கரைக்கத் தினமும் 25 லிட்டர் தண்ணீரும் வேணும். கரைக்கிற வேலை யார் தலையில் விழும் என்பதையும் வீட்டில் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

ஒரு மாடு மட்டும் உள்ள சகோதரி, கோடையில் குடத்தோடு அலைகிற சகோதரி, குழுக் கடன் வாங்கிக் கலன் கட்ட வேண்டாம். பசியோடு இருக்கும் கலன் எரியாது, தவணை மட்டும் நிற்காது. அவர்களுக்குச் சிக்கனமே லாபம். மானியம் உண்டா, எவ்வளவு என்று ஒன்றிய அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். வரும் என்று நம்பிக் கடன் எழுதாதீர்கள்.

கவனம்!

• குடிநீர்க் கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளிக் கட்டுங்கள்.

• குழாய் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கிழித்துப் பார்க்கவே கூடாது.

• காலியான கலனுக்குள்ளும் யாரும் இறங்கக் கூடாது. விஷவாயு உயிரைப் பறிக்கும்.

• இந்த வாயுவுக்குத் தனி அடுப்பு வேணும். சிலிண்டர் அடுப்பில் சரியாக எரியாது.

• புங்க எண்ணெய், காட்டாமணக்கு எண்ணெயை அப்படியே டீசல் மோட்டாரில் ஊற்றினால் நாளடைவில் இன்ஜின் கெடும். அதை டீசல்போல மாற்ற மெத்தனால் வேணும். அது விஷம், சட்டெனத் தீப்பிடிக்கும். வீட்டு அடுப்படியில் செய்கிற வேலை அல்ல.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

1. நம்ம குழுவில் ஒரு சிலிண்டர் யாருக்கு அதிக நாள் வருகிறது? அவர் என்ன செய்கிறார்?

2. கட்டுத்தறியில் மூன்று மாடும் தண்ணீர் வசதியும் உள்ளவர்கள் எத்தனை பேர்?

3. மாதத் தவணை எவ்வளவு? மிச்சமாகும் சிலிண்டர் பணம் எவ்வளவு?

சிலிண்டர் மாற்றும் தேதியை இன்றிலிருந்து நாள்காட்டியில் குறியுங்கள். மூன்று மாதம் கழித்துக் கூட்டத்தில் எல்லோரும் ஒப்பிட்டுப் பாருங்கள். யார் கட்டலாம், யார் வேண்டாம் என்று அந்தக் கணக்கே சொல்லும். அதன் பிறகு தீர்மானம் எழுதலாம்.