பழைய புல்லட்டுக்கு பார்ட்ஸ் வாங்கும்போது

ஆரணியிலிருந்து திருவொற்றியூர் எட்டும் தூரம்தான். பழைய புல்லட் 350 இந்தியாவில் தயாரானது அங்கேதான். ஆனாலும் அப்பா காலத்து வண்டிக்கு பார்ட்ஸ் தேடி நாம் போவது சென்னை புதுப்பேட்டைக்கு. அங்கே ஒரிஜினலும் உண்டு, பளபளக்கும் டூப்ளிகேட்டும் உண்டு.

பையில் ஒரு சின்னக் காந்தம் இருக்கட்டும். பழைய புல்லட்டின் சிலிண்டர் பேரல் வார்ப்பிரும்பு, காந்தம் ஒட்டும். ஹெட் அலுமினியம், ஒட்டாது. டேங்க், மட்கார்டு இரும்புத் தகடு. காந்தம் வழுக்கி விழும் இடத்தில் பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள்.

மரையை மறக்காதீர்கள். பழைய வண்டியில் பல இடங்களில் பிரிட்டிஷ் அளவு மரைதான். வீட்டிலிருந்து ஒரு பழைய போல்ட்டைக் கொண்டுபோய்க் கையாலேயே திருகிப் பாருங்கள். இரண்டு சுற்றில் இறுகி நின்றால் அது மெட்ரிக் மரை. "ஸ்பேனர் போட்டா ஏறிடும்" என்பார் கடைக்காரர். ஏறும்தான், மரையைத் தின்றுகொண்டு.

துரு நல்ல சாட்சி. நிஜமாகவே வயதான பாகத்தில் துரு மூலையிலும் விளிம்பிலும் தேங்கும். வாஷர் உட்கார்ந்த வட்டம் மட்டும் தெளிவாக இருக்கும். ஆசிட் ஊற்றி 'வயதாக்கிய' பாகத்தில் எங்கும் ஒரே பழுப்பு.

டூப்ளிகேட் எல்லாமே தள்ளுபடி அல்ல. கேபிள், ரப்பர், கேஸ்கெட் புதிதாக வாங்குவதே மேல். ஒரிஜினல் விலை கேட்கும்போது மட்டும் காந்தத்தை வெளியே எடுங்கள். இன்ஜின் எண்ணைச் சுற்றி கிரைண்டர் தேய்த்த தடம் தெரிந்தால் பேரமே வேண்டாம்.