ஐந்து ரூபாய்தானே என்று விடாதீர்கள்

1. கடை பில்லின் எழுத்து சில மாதங்களில் மங்கி, வெறும் வெள்ளைத்தாளாகிவிடும். மிக்ஸி, ஃபேன் வாங்கிய அன்றே பில்லையும் வாரண்டி அட்டையையும் செல்போனில் படம் எடுத்துவிடுங்கள். பில் தர மறுப்பதே 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்.

2. எம்.ஆர்.பி. என்றால் எல்லா வரியும் அடங்கிய விலை. 'கூலிங் சார்ஜ்' என்று தண்ணீர் பாட்டிலுக்குக் கூடுதலாகக் கேட்டால் கடைக்காரரிடம் மல்லுக்கு நிற்க வேண்டாம். அந்தப் பாட்டிலுக்கு மட்டும் தனியாக ஜிபே செய்து, அச்சிட்ட விலையைப் படம் எடுங்கள். இரண்டும் சேர்ந்தால் ஆதாரம். தமிழ்நாட்டில் இதை விசாரிப்பது தொழிலாளர் துறை. பலர் காவல் நிலையத்துக்குப் போய் வீணே திரும்புகிறார்கள்.

3. விலை அப்படியே இருக்கும், பிஸ்கட் பாக்கெட் மட்டும் இளைத்திருக்கும். நிகர எடையையும், கிராமுக்கு என்ன விலை என்பதையும் பாருங்கள். இரண்டும் உறையிலேயே இருக்கும். குறைத்த எடையைச் சரியாக அச்சிட்டிருந்தால் புகார் நிற்காது. வேறு பிராண்டுக்கு மாறுவதுதான் வழி.

4. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்ற வாசகத்தைப் பார்த்து மிரளாதீர்கள். பொருளில் குறை இருந்தால் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள், கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர வேண்டும். கலர் பிடிக்கவில்லை என்பதெல்லாம் குறையில் சேராது!

5. ஆன்லைனில் பணம் கட்டுமுன் மொத்தத் தொகையை ஒருமுறை விரித்துப் பாருங்கள். நன்கொடை, இன்சூரன்ஸ் என்று நாம் கேட்காததெல்லாம் கூடையில் ஏறியிருக்கும். இப்படிப்பட்ட 13 தந்திரங்களை 2023 நவம்பரில் மத்திய அரசு தடை செய்திருக்கிறது. நீக்குவதற்கு முன் ஒரு ஸ்கிரீன்ஷாட்.

6. ஹோட்டல் பில்லில் தானாகச் சேர்த்த 'சர்வீஸ் சார்ஜை' எடுக்கச் சொல்லலாம். டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் இதை உறுதி செய்தது.

7. கஸ்டமர் கேரில் பேசித் தொண்டை வற்றுவதைவிட மின்னஞ்சல் மேல். தேதி, பில் எண், நடந்தது, உங்களுக்கு வேண்டியது, இவ்வளவு போதும். 'தக்க நடவடிக்கை எடுக்கவும்' என்று முடித்தால் 'வருந்துகிறோம்' என்று பதில் வரும். '1,499 ரூபாயைத் திருப்பித் தரவும்' என்று எழுதுங்கள். பதில் இல்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம்.

8. அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கம்பெனி மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. பொருளுக்குக் கொடுத்தது 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். வங்கி விவகாரம் என்றால் முதலில் வங்கியிலேயே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செலவில்லாமல் முறையிடலாம்.